மானியமும் கரையான் அரித்த உறையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், கூரை ஒழுகுகிறது. அரசு மானியமே கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்களில் நானும் ஒருவன், ஆனால் போன மாதம் அலமாரியைக் குடைந்தபோது இலாப நோக்கற்ற அமைப்பாக எங்களைப் பதிந்த சான்றிதழ் கரையான் அரித்த உறையில் கிடந்தது, கணக்கு அனுப்பியே நாலு வருஷமாகிறதாம்! தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை போக வேண்டும். போகாவிட்டால் பதிவே ரத்தாகலாம், அப்புறம் மானியம் தரும் லாட்டரி ஆணையத்திடமோ மாநகராட்சியிடமோ எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் எங்களிடம் காசு வாங்கிப் போனார், இன்றுவரை ஆளைக் காணோம். மானிய விண்ணப்பங்களின் கடைசித் தேதியை மாதம் ஒருமுறை நீங்கள் போட்டால் எங்களைப் போன்ற மறதிக்காரர்களுக்குப் பெரிய உதவி.

ஒரு வாசகர், டர்பன்