அந்த எட்டு நாளுக்கு நன்றி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே,

நம் சபைப் பிள்ளைகளை வகுப்புக்கு வரவிடாமல் செய்த அந்தக் கஷ்டம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. பிள்ளைகள் மறுபடியும் வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். அந்த நிம்மதி நெஞ்சில் புதிதாக இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாலிபர் வகுப்பை நடத்துகிற நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம்.

இரவெல்லாம் ஜெபித்தவர்கள், நேரங்கெட்ட நேரத்தில் அடித்த போனை எடுத்தவர்கள், பெற்றோரின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், நடந்ததை ஊர்ப் பேச்சாக்காமல் வாயைக் காத்தவர்கள் என உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி.

பின்வரிசையில் உட்காரும் பாட்டிக்குச் சொல்ல வேண்டியது மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஜெபம் பண்ணியும் ஏன் எதுவுமே மாறல?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது, ஆளுக்கொரு வசனத்தை நாக்கின் நுனியில் வைத்திருந்தோம். பாட்டி முந்திக்கொண்டார். "எனக்குத் தெரியலப்பா. எழுதி வைக்கிறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீயும் தேடு, நானும் தேடுறேன்." பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வந்தது. அவர் செய்தது அவ்வளவுதான். அந்த நோட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை மற்ற சபைகளின் வாலிபர் வகுப்புகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதி வைக்கிறோம்.

இடது பக்கத்தில் தேதியும் கேள்வியும் மட்டும். கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே இருக்க வேண்டும். "துன்பத்தின் நோக்கம் என்ன?" என்று நாம் திருத்தி எழுதினால் அது வேறு யாருடைய கேள்வியோ ஆகிவிடும். பெயர் எழுதக் கூடாது, எழுதினால் இரண்டாவது கேள்வி வராது. வலது பக்கத்தில் எந்தப் பகுதியை வாசித்தோம், அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று குறிக்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும்.

ஏன் ஒரு வாரம்? யோவான் சுவிசேஷம் 20-ஐத் திறந்து காட்டினார் பாட்டி. இயேசு உயிர்த்தெழுந்ததை மற்றவர்கள் சொன்னபோது "விசுவாசிக்கமாட்டேன்" என்று அவருடைய சீஷரான தோமா சொன்னபிறகு, எட்டு நாளைக்குப் பின்புதான் இயேசு வருகிறார். ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் எட்டு. அன்றைக்கும் தோமா மற்ற சீஷர்களோடு வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் விலகிப் போகவில்லை. பதினைந்து வயதில் சந்தேகம் வந்தவுடனே தன்னை விசுவாசி இல்லை என்று தீர்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த விவரம் எவ்வளவு பெரிய மூச்சு!

அந்த முதல் கேள்விக்கு அவர் எடுத்தது சங்கீதம் 13. மொத்தம் 6 வசனம். சத்தமாக மூன்று முறை வாசிக்கச் சொன்னார்: முதல் தடவை நிறுத்தாமல், இரண்டாம் தடவை புரியாத சொல் வரும் இடமெல்லாம் நின்று, மூன்றாம் தடவை ஜெபமாக. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. 3, 4-இல் மன்றாட்டு. 5, 6-இல் நம்பிக்கையும் பாட்டும். நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. நாங்கள் இதுவரை செய்துவந்த தவறு இங்கேதான் தெரிந்தது: பிள்ளைகளை நேரே ஆறாம் வசனத்துக்கு இழுத்துப் போனோம். முதல் இரண்டு வசனத்தைச் சொல்ல இடம் கிடைக்காதவர்களுக்கு ஆறாவது வாயில் ஒட்டாது. சங்கீதம் 88-இல் அப்படி நம்பிக்கையாகப் பாடி முடிக்கும் வசனம்கூடக் கிடையாது, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது.

தினசரி வாசிப்பிலும் பாட்டி கைவைத்தார். வேதத்தில் 1189 அதிகாரம். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டும். ஆதியாகமம் கதையாக ஓடும், யாத்திராகமம் 25-இல் ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்போது கால் தடுக்கும். பரீட்சை நேரத்தில் நான்கு நாள் விட்டால் 13 அதிகாரம் கடன். கடனைப் பார்த்துப் பயந்து வேதத்தையே மூடிவிடுவார்கள். அதனால் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கச் சொன்னார், 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், பத்து நிமிடம், போன் அடுத்த அறையில். விட்டுப்போன நாளை ஈடுகட்ட வேண்டாம், இன்றைக்கு உள்ளதை இன்றைக்கு எடுத்தால் போதும்.

இன்னொன்றையும் அவர்தான் கண்டிப்பாகச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மட்டும் பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்துராதீங்க." யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றோ, வாழப் பிடிக்கவில்லை என்றோ ஒரு பிள்ளை சொன்னால் அதற்கு நோட்டும் கிடையாது, எட்டு நாளும் கிடையாது. அன்றைக்கே, அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், காப்பாற்றக்கூடிய பெரியவரிடமும் மருத்துவரிடமும் போக வேண்டும். ஜெபம் கூடவே நடக்கட்டும், அதைச் சாக்காக வைத்துத் தாமதிக்கக் கூடாது.

பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் இருந்ததை எத்தனை முறை பாடமாக எடுத்திருக்கிறோம்! அவருடைய பதில்களைக் கேட்டு எல்லோரும் பிரமித்ததைத்தான் அழுத்திச் சொல்வோம். அது லூக்கா 2:47. அதற்கு முந்தின வசனத்தில் அவர் போதகர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருக்கிறார். அந்த வசனத்தை இத்தனை நாள் வேகமாகக் கடந்து போனதற்காகப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பதினைந்து நிமிடம் கேள்விகளுக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். இது ஆண்டவருக்கு முன்பாக நாங்கள் செய்த பொருத்தனை.

பாட்டி, நோட்டு வகுப்பு மேசையில் பத்திரமாக இருக்கிறது. முதல் கேள்விக்கு எதிரே இன்னும் பாதிப் பக்கம் காலி. பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
வாலிபர் வகுப்பு நடத்துகிறவர்கள்