அவர் முடித்துவிட்டு வரட்டும்

அன்பு மகன் குமரனுக்கு,

என் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்கு நான் குனியக் கூடாதாம், கனம் தூக்கக் கூடாதாம், கண்ணில் தண்ணீர் படக் கூடாதாம். ஆக, தாத்தாவைக் குளிப்பாட்டுவது உன் பொறுப்பு. போனில் சொன்னால் 'சரிப்பா, பாத்துக்கிறேன்' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

'குளிக்கலாமா தாத்தா?' என்று மட்டும் கேட்காதே. 'காலையிலேயே குளிச்சாச்சே' என்பார். பொய் இல்லை, மறதி நோயால் அவர் மனதில் அப்படித்தான் இருக்கிறது. நீ வாதாடினால் அன்றைய குளியல் அவ்வளவுதான். 'வாங்க, தண்ணி இதமா இருக்கு' என்று கையை நீட்டு, அவரே பிடித்துக்கொள்வார். உன்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திருத்தாதே. 'என்னப்பா' என்று போய் நில்.

பிடித்து இழுக்காதே. நான் இழுத்திருக்கிறேன். முழங்கைக்கு மேலே என் நாலு விரலும் ரத்தம் கன்றிப் பதிந்து, பத்து நாள் இருந்தது. தினமும் அதைப் பார்த்தபடியே சட்டை மாட்டிவிட்டேன்.

பாத்ரூம் வாசல் வரை வருவார், அங்கேயே நின்றுகொள்வார். இரண்டு மாதம் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் என் காதருகில் மெதுவாகச் சொன்னார்: 'உள்ளே ஒருத்தர் நிக்கிறார். அவர் முடிச்சிட்டு வரட்டும்.' வாஷ்பேசின் மேலே இருக்கிற கண்ணாடி! அவர் முகமே அவருக்கு வேற்றாளாகிவிட்டது. வேற்றாள் எதிரில் எப்படிச் சட்டையைக் கழற்றுவார்? நான் பொத்தானைக் கழற்றக் கழற்ற அவர் மாட்டிக்கொண்டே இருந்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் புரிந்தது. இப்போது கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்ட பிறகுதான் கூப்பிடுகிறேன்.

ஈரத்தரை பளபளத்தால் பள்ளம் என்று நினைத்துக் காலை எடுத்து வைக்க மாட்டார். கண் பார்த்ததை மூளை தப்பாகப் படிக்கிறது. தரையைத் துடைத்துவிட்டு வழுக்காத விரிப்பைப் போடு. தண்ணீரை உன் முழங்கையில் ஊற்றிப் பார். வெதுவெதுப்பாக, 37, 38 டிகிரி போதும். சுட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம்.

நாற்காலியில் உட்காரவைத்து, தோளைச் சுற்றிப் பெரிய துண்டைப் போர்த்திவிடு. எந்த இடத்தைக் கழுவுகிறாயோ அங்கே மட்டும் விலக்கினால் போதும். பாதத்தில் தொடங்கு. எடுத்ததும் தலையில் ஊற்றினால் அலறுவார். வீடியோ காலில் நீ கேட்டுப் பதறினாயே, அந்தச் சத்தம். தலைக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்.

மக்கை அவரிடமே கொடுத்துவிடு. வலது முழங்காலில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். மறுபடி மொள்ளுவார், அதே முழங்காலில் ஊற்றுவார். அந்த மும்முரத்தில் நீ முதுகைத் தேய்த்து முடித்துவிடலாம். அதையும் 'இப்ப முதுகுப்பா' என்று சொல்லிவிட்டுத் தேய். இடுப்புக்குக் கீழே வரும்போது சோப்புத் துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு நீ முகத்தைத் திருப்பிக்கொள். பெரும்பாலும் தானே செய்துகொள்வார். என் எதிரில் சட்டையில்லாமல் ஒருநாள் உட்கார்ந்தவர் இல்லை அவர்.

துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடு. விரலிடுக்கு, அக்குள் ஈரம் போகட்டும். இடுப்பிலும் குதிகாலிலும் சிவந்திருந்தால் எனக்குச் சொல்.

ஒரேயடியாக மறுத்தால் விட்டுவிடு. வாரத்துக்கு இரண்டு மூன்று குளியல் போதும், மற்ற நாள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் பிடிவாதம் என்று நினைக்காதே. சிறுநீர்த் தொற்று கூட அப்படிக் காட்டும், டாக்டரிடம் கூட்டிப் போ.

போனை வெளியே வைத்துவிட்டுப் போ. அடித்தாலும் அவரைத் தனியே விட்டு வராதே. இன்னொன்று, அவர் பூட்டிக்கொள்ளாமல் இருக்க பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நீ குளிக்கப் போனால் ஏதாவது பாடிக்கொண்டே இரு.

அப்பா