கருப்பிக்கு ஏழு வயசுதான்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். நானும் சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன். அதனால் தாளில் எழுதி, தங்கச்சியிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

நம்ம நாய் கருப்பி முன்னைப் போல இல்லை என்று நான் சொன்னதற்கு, "வயசாகுதும்மா, விடுங்க" என்றாய். நீ கட்டாருக்குப் போவதற்கு முந்தின வருஷம், தலவாக்கலை டவுனிலிருந்து உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி. இப்போது ஏழு வயசு. ஏழு ஒரு வயசா?

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வேலையிலிருந்து நின்ற பிறகு காலையில் நானும் அதுவும்தான் நடக்கிறோம். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை ரோட்டு, அங்கிருந்து கோயில் மேட்டுக்கு 62 படி. நான் ஒரு தடவை ஏறுவதற்குள் அது மேலே போய்க் குரைத்துவிட்டு, இறங்கி வந்து என் காலில் முட்டிவிட்டு, மறுபடியும் ஏறிவிடும்.

அந்த ஓட்டம் என்றைக்கு நின்றது என்று எனக்கே தெரியாது. அதுதான் மனசை அரிக்கிறது. முழங்கால் வலி வந்ததிலிருந்து ஏழெட்டுப் படிக்கு ஒரு தரம் நான் நிற்பேன். கருப்பியும் பக்கத்தில் நிற்கும். எனக்காகக் காத்து நிற்கிறது பாரேன் என்று மேட்டு லயத்து அக்காவிடம் பெருமையடித்தேன். ஒரு நாள் தைலம் போட்டதில் கால் லேசாக இருந்தது. நிற்காமலே ஏறிவிட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், அது பாதிப் படியில் படுத்துக் கிடக்கிறது. கூப்பிட்டேன். வாலை மட்டும் ஆட்டியது.

பனிக்குக் கால் பிடித்திருக்கும் என்றார் ஒருவர். காய்ச்சலுக்குப் போடும் பனடோலில் பாதி கொடு என்றார் இன்னொருவர். நல்லவேளை கொடுக்கவில்லை. அது நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுத்துவிடுமாம், பிறகுதான் டொக்டர் சொன்னார்.

ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் காலைத் தொடவே இல்லை. முதலில் மேல் உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. காம்பராவில் எத்தனை பிள்ளைகளின் கீழ் இமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன்! சொந்த நாயின் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே.

காதுக்குள்ளே, கால்விரல் இடுக்கிலே எல்லாம் உண்ணி. ஒவ்வொன்றும் பயறு அளவு. உண்ணிக் காய்ச்சலாம், மருந்துத் துண்டில் எர்லிக்கியா என்று எழுதியிருக்கிறது. உண்ணி கடிக்கும்போது கிருமி ரத்தத்துக்குள் போய்விடுமாம். சில நாய்கள் மாதக்கணக்கில் வெளியே எதுவும் காட்டாமல் உள்ளேயே மெலிந்துகொண்டு போகுமாம். ரத்தத்தில் சிவப்பணு நூற்றுக்கு 37க்குக் குறையக் கூடாதாம், கருப்பிக்கு 24தான் இருந்தது. அவ்வளவு ரத்தத்தை வைத்துக்கொண்டு அது என்னோடு படியேறியிருக்கிறது, தம்பி.

டொக்ஸிசைக்ளின் என்று ஒரு மாத்திரை, 28 நாளைக்கு. முதல் இரண்டு நாள் பாலில் கரைத்துக் கொடுத்தேன். டொக்டர் கேட்டுவிட்டு ஏசினார். பால் அந்த மருந்தை முழுசாக உடம்பில் சேரவிடாதாம். இப்போது சோற்று உருண்டைக்குள் நெத்தலித் தலையோடு வைத்துக் கொடுக்கிறேன். அப்படியும் மாத்திரையை மட்டும் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்க்கும் கள்ளி. உண்ணியைத் தங்கச்சி ஒவ்வொன்றாகப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போடுகிறாள். நகத்தால் நசுக்கக் கூடாதாம். உண்ணிக்குக் கழுத்தில் ஒரு சொட்டு மருந்தும் விட்டிருக்கிறது. இதற்கெல்லாம் தேறாவிட்டால் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேன் கூலியை நினைத்தால்தான் பயம். அதற்காக நீ ஓவர்டைம் செய்ய வேண்டாம், சீட்டு எடுத்த காசு இருக்கிறது.

இன்றைக்குப் பத்தொன்பதாம் மாத்திரை. படிக்கு இன்னும் கூட்டிப் போகவில்லை, மடுவம் வரைக்கும்தான். வழியில் ஒரு கோழியைக் கண்டு நாலு எட்டு ஓடியது, பிறகு உட்கார்ந்துவிட்டது. நானும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன்.

ராத்திரிக் குளிருக்கு உன் பழைய கறுப்புச் சுவெட்டரை அதற்கு விரித்துப் போட்டிருக்கிறேன். லீவில் வந்து தேடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா