திறக்காத கடிதங்களைத் திறந்து தந்தவர்களுக்கு

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் அயலவர்களுக்கும், எங்கள் பகுதியின் உள்ளாட்சி மன்றமான நியூஹாம் கவுன்சிலின் ஊழியர்களுக்கும் வணக்கம்.

இந்த மடல் மிகவும் பிந்தி வருகிறது. 2022ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நீங்கள் செய்த உதவிகளுக்கு அப்போதே நன்றி சொல்லியிருக்க வேண்டும். அந்த நாட்களை நினைத்தாலே கூச்சமாக இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது அந்தக் கூச்சம் இல்லை. அது போனதற்கும் நீங்கள்தான் காரணம்.

அந்த அக்டோபரில் பிரிட்டனின் விலைவாசி ஏற்றம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 41 ஆண்டுகளில் இவ்வளவு ஏறியதில்லை என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு சாதாரண வீட்டின் மின்சார, எரிவாயுச் செலவு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்தது, ஓராண்டுக்குள் 2,500 பவுண்டு ஆகிவிட்டது. அதுவும் அரசு தலையிட்டு விலையைப் பிடித்து நிறுத்திய பிறகு! எங்கள் வாடகை வீட்டில் இருந்தது முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர். முந்தைய ஆண்டு ஒரு வாரம் ஓடிய 20 பவுண்டு, இப்போது புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும். அதே மாதம் உணவக வேலையில் என் கணவரின் மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய மாமி, நாங்கள் இருவர் என எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். மற்ற அறைகளின் கதவிடுக்குகளில் துணியைச் சுருட்டி வைத்தோம்.

முதல் நன்றி நூலக ஊழியர்களுக்கு. பள்ளி விட்டதும் பிள்ளைகளை நேரே உங்களிடம்தான் கூட்டி வந்தேன். மாமியும் வருவார். படிப்பதற்காக மட்டும் நாங்கள் வரவில்லை என்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியை மாமிக்கென்று ஒதுக்கினீர்கள். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் இன்னொன்றைக் கொண்டுவந்து போட்டீர்கள். வீட்டில் கோட்டைக் கழற்றாத மாமி உங்கள் நூலகத்தில்தான் கழற்றினார்.

உங்களில் ஒருவர் ஒரு நாள், சின்னவளுடைய புத்தகத்தைப் பதிந்துகொண்டே, "செவ்வாய்க்கிழமைகளில் ஆலோசகர் ஒருவர் இங்கே இருப்பார், சும்மா கதைத்துப் பார்க்கலாம்" என்று சொன்னார். உதவி வேண்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சும்மா கதைக்கலாம் என்றதால் போனேன்.

ஆலோசகர் சகோதரிக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முதலில் என் வருமானத்தைக் கேட்கவில்லை. "வீட்டில் திறக்காத கடிதங்கள் இருக்கின்றனவா?" என்றீர்கள். இருந்தன. ஒரு கடைப்பை நிறைய இருந்தன. கடிதம் என்றாலே கடன் என்று ஆகிவிட்டிருந்தது, எனவே நானும் கணவரும் அவற்றைத் தொடுவதையே விட்டுவிட்டோம். மறுவாரம் பையைக் கொண்டு வந்தபோது, நீங்கள் மேசையை ஒதுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். கோபமான கடிதங்களை ஒரு பக்கமும் பதில் தேவையில்லாதவற்றை இன்னொரு பக்கமும் வைத்தீர்கள். நடுவில் இரண்டு உறைகளை எடுத்து என் முன்னால் தள்ளினீர்கள். எங்கள் பெயர் இல்லாமல், "வீட்டில் குடியிருப்பவருக்கு" என்று மட்டும் போட்டிருந்ததால் விளம்பரம் என்று நான் ஒதுக்கியவை அவை.

அவைதான் அரசின் 400 பவுண்டு எரிசக்திச் சலுகையின் வவுச்சர்கள். மாதாமாதம் கட்டணம் கட்டும் வீடுகளுக்கு அந்தப் பணம் தானாகவே கணக்கில் கழிந்தது. எங்களைப் போன்ற பழைய மீட்டர்காரர்களுக்கு மட்டும் ஆறு மாதங்களுக்கு ஆறு வவுச்சர்களாக வந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மீட்டரில் ஏறும், அதற்கும் 90 நாள் கெடு. யாருக்குப் பணம் அதிகம் தேவையோ அவர்களுக்கே அதைக் கிடைக்கக் கடினமாக்கிய ஏற்பாடு அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று மாலை 132 பவுண்டு மீட்டரில் ஏறியது. பிள்ளைகள் வெந்நீரில் குளித்தார்கள்.

அத்துடன் நீங்கள் நிறுத்தியிருக்கலாம். ரேடியேட்டர் பக்கம் இருந்த மாமியைப் பார்த்து, "அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட் வருகிறதா?" என்று கேட்டீர்கள். மகனோடு இருப்பவருக்கு அது கிடைக்காது என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அது தவறு என்று அன்றுதான் தெரிந்தது. தனி ஓய்வூதியர் ஒருவரின் வருமானம் அந்த ஆண்டு வாரத்துக்கு 182.60 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், குறையும் தொகையை அரசு நிரப்பும். யாரோடு இருக்கிறார் என்பது அந்த உரிமையைப் பறிக்காது. சலவைத் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் நின்று வேலை செய்த மாமியின் ஓய்வூதியம் அதற்கு வெகு கீழே இருந்தது. மூன்று மாதம் முன்தேதியிட்டுக் கோரலாம் என்பதையும், டிசம்பர் நடுப்பகுதிக்குள் கோரினால் 324 பவுண்டு விலைவாசி உதவித்தொகையும் சேர்ந்து வரும் என்பதையும் நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தொலைபேசியில் விண்ணப்பித்தபோது தமிழில் மொழிபெயர்த்த பெண்ணுக்கும் இங்கே ஒரு வணக்கம். உங்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. மாமி ஒரு கேள்விக்குப் பதிலாகத் தன் வாழ்க்கையையே சொல்லத் தொடங்கியபோது, நீங்கள் அவசரப்படுத்தாமல் "சொல்லுங்கோ அம்மா" என்றீர்கள். "அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேணும்" என்று மாமி இப்போதும் சொல்வார். முதல் பணம் வந்ததும் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் சப்பாத்து வாங்கினார். எங்களிடம் கேட்கவில்லை.

கவுன்சில் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர்களுக்கும் நன்றி. கவுன்சில் வரியைக் குறைத்தீர்கள். குடும்ப ஆதரவு நிதியிலிருந்து பள்ளி விடுமுறைக்குச் சூப்பர் மார்க்கெட் வவுச்சர் தந்தீர்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்த நிதியை அரசு அப்போதெல்லாம் ஆறு ஆறு மாதமாகத்தான் நீட்டித்தது. அடுத்த பருவத்துக்குப் பணம் வருமா என்று தெரியாமலே உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற எங்களுக்கு முகம் கொடுத்தீர்கள். அது எளிதான வேலை இல்லை.

பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் நின்றவர்களை மறக்கவில்லை. நியூஹாமில் 2009 முதல் எல்லா ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். யார் வீட்டில் பணம் இல்லை என்று தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் பிள்ளைகள் அந்தக் குளிர்காலத்தை ஏழைப் பிள்ளைகளாக நினைவு வைத்திருக்கவில்லை.

உணவு வங்கியில் எங்களுக்கு மூன்று நாள் பொதியைக் கட்டிய முதியவரே, நாங்கள் பாஸ்தாவைப் பார்த்துத் தயங்கியதைக் கவனித்து, உள்ளே போய் அரிசியையும் பருப்பையும் தேடி எடுத்து வந்தீர்கள். மாமிக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி என்று சொன்னதும் டின் மீனை எடுத்துவிட்டுத் தேங்காய்ப்பால் வைத்தீர்கள். தெருமுனைக் கடை அண்ணா, நீங்கள் கொப்பியில் எழுதிய கணக்கை ஒருநாளும் எங்கள் பிள்ளைகள் முன்னால் வாசிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நன்றி.

கணவருக்கு இப்போது முழுநேர வேலை இருக்கிறது. மீட்டரையும் மாற்றிவிட்டோம். நூலகத்தில் பேசி, செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் 2 மணி முதல் பள்ளி விடும் நேரம் வரை ஆலோசகருக்குப் பக்கத்து மேசையில் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன். தமிழில் வாசித்துச் சொல்வேன், படிவம் நிரப்பக் கூட இருப்பேன். திறக்காத கடிதங்கள் இருந்தால் பையோடு கொண்டு வாருங்கள். சும்மா கதைக்கவும் வரலாம்.

நன்றியுடன்,
ஈஸ்ட் ஹாமில் வாழும் ஒரு குடும்பத்தின் சார்பில்