தட்டையை எரிக்காமல் விட்ட கதை

ஆத்தூர்,
ஆனி மாதம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி ஒரு பக்கம், காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத அலைச்சல் ஒரு பக்கம் என்று பதில் தள்ளிப்போய்விட்டது. நீ ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருப்பாய். இங்கே ஃபேன் காற்றே சுடுகிறது.

மக்காச்சோளத் தட்டையை, அதான் கதிர் எடுத்தபின் மிஞ்சும் காய்ந்த தண்டை, எரிக்காமல் மடக்கி உழுதது என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். முதலில் மானம் போயிற்று, அதைச் சொல்லிவிடுகிறேன். மாடுகளை விற்றபின் தட்டைக்கு வேலை இல்லை. தை அறுவடை முடிந்ததும் ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நம்பி மாசியிலேயே மறுபடியும் மக்காச்சோளம் ஊன்றினேன். இருபதாம் நாள் பயிர் வெளிறிப்போய் நின்றது. தட்டையை எரித்த பக்கத்துக் காட்டுக்காரரின் பயிர் கருகருவென்று இருந்தது. "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று வரப்பில் நின்று சிரித்தார். எரித்தால் பொட்டாஷ் சாம்பலில் தங்கும், தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதி புகையோடு போய்விடும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். மஞ்சள் பயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காய்ந்த தட்டை ஒரு டன்னில் கரிமம் சுமார் 400 கிலோ இருக்கும், தழைச்சத்து ஆறேழு கிலோதான். அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்காவது தழைச்சத்து வேண்டும். அப்படியானால் 16 கிலோ. மீதி ஒன்பது கிலோவுக்கு எங்கே போகும்? மண்ணில் பயிருக்கென்று இருப்பதில்தான் கை வைக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம் என்றால், டன்னுக்கு அரை மூட்டை அளவு பிடித்து வைத்துக்கொள்கிறது. உழுததும் உடனே விதைத்தது என் தப்பு. மூன்று நான்கு வாரம் மக்க விட்டிருக்க வேண்டும்.

அந்தத் தப்பை மறைக்கப் போய் இன்னொன்று செய்தேன். பதறிப்போய், ஈர மண்ணில் மேலாகக் கிடந்த தட்டைத் துண்டுகள் மீதே பட்டப்பகலில் யூரியாவை வீசினேன். மறுநாள் காட்டுக்குள் போனால் மாட்டுக் கொட்டாயில் மூத்திரம் தேங்கிய மாதிரி மூக்கைத் துளைக்கிறது. அத்தனையும் அம்மோனியா. யூரியாவை உடைக்கும் நொதி வெறும் மண்ணைவிடச் சருகில் அதிகம். மண்ணுக்குள் இறங்குவதற்குள் காசு காற்றில் போயிற்று. அடுத்த முறை செடி ஓரமாகக் குழியெடுத்து வைத்து மூடினேன், வாசனையே இல்லை.

அப்புறம் சித்திரையில் கோடை மழை இரண்டு நாள் அடித்தது. தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து கிடக்கும். நம்ம செம்மண் சரளையில் அது நிற்காது, தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் உடம்பில் பிடித்து வைத்ததை மழை எளிதில் கரைக்க முடியாது. அவை சாகச் சாகத்தான் அது மண்ணுக்குத் திரும்பும். மழைக்குப் பிறகு பக்கத்துக் காடு வெளிற ஆரம்பித்தது, என் பயிர் மெல்ல நிமிர்ந்தது. இதற்காக நான் ஜெயித்தேன் என்று நினைக்காதே. விளைச்சல் அவருக்குத்தான் ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதல்.

எனக்கு இன்னும் உறுத்துவது கிணற்று மூலைப் பள்ளம். அங்கே மூன்று நாள் தண்ணீர் நின்றது. காற்றுப் புகாத மண்ணில், தட்டையைத் தின்னும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் நைட்ரேட்டை வாயுவாக்கி விட்டுவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடு. கிலோவுக்குக் கிலோ, கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. கண்ணுக்கும் தெரியாது, அம்மோனியா மாதிரி மூக்குக்கும் தெரியாது. தட்டை கிடப்பதால் அந்த வேலை அங்கே கூடத்தான் செய்யும். வடிகால் வெட்டாமல் இனி அந்த மூலையில் தட்டையை மடக்கப் போவதில்லை. எரிக்கவும் மாட்டேன், மேட்டுக் காட்டுக்கு இழுத்துப் போடுவேன், கூலி கொஞ்சம் ஆகும், ஆகட்டும்.

உன் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகு முழங்கால் அளவு கிடக்கிறது, மக்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அதுவும் என் தட்டை மாதிரிதான், கரிமம் அதிகம். கல்யாண முருங்கை இலையோடு கலந்து போடு, அது பயறு இனம், இலையில் தழைச்சத்து அதிகம், சீக்கிரம் மக்கும். ஆனால் அதை மட்டும் பெருமழைக்கு முன்னால் தனியாகப் போடாதே. மக்குகிற வேகத்திலேயே சத்து மலைச்சரிவில் ஓடிவிடும்.

ஆடி பிறப்பதற்குள் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே. மரத்தில் கடைசி மல்கோவா நாலைந்து உனக்காகவே விட்டு வைத்திருக்கிறேன், அணில் விட்டால் உனக்கு. வரும்போது கல்யாண முருங்கைப் போத்து நாலு வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வா. கிணற்று மேட்டில் ஊன்றலாம்.

அன்புடன்,
பழனி