மகுடத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்

புதுச்சேரியின் எல்லாக் கட்சி நிர்வாகிகளுக்கும் பாகூரிலிருந்து வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் நடந்த கட்சித் தலைவரின் பிறந்தநாள் விழா உங்களுக்குத் தெரிந்ததுதான். 'மாமன்னரே வருக' என்று பேனர். மேடையில் கிரீடம், செங்கோல், வெள்ளி வாள். கடைக்குக் கிளம்பிய என் மாமியார் அதைப் பார்த்ததும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்து, அரிசிப் பானை முதல் ரேஷன் கார்டு வரை எல்லாம் நனைந்துபோனது. நிவாரண அரிசிக்கு டோக்கன் கிடைத்ததும் அத்தை காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்றார். மூட்டைகள் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. எடுத்துக் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். ஆனால் 'தலைவர் வந்து தொட்டுக் கொடுக்கணும்' என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்தபோது மணி ஒன்று. வந்தவருக்குச் சால்வை, பிறகு கிரீடம், பிறகு வாள், ஒவ்வொன்றுக்கும் போட்டோ. சேறு காயாத தரையில் ஐந்து மணி நேரம் நின்ற எழுபத்திரண்டு வயதுக்காரர் மயங்கி விழுந்தார். பின்னால் நின்ற பெண் வரிசையை விட்டு வந்து அவரைத் தாங்கிப் பிடித்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்குமே அரிசி கிடைக்கவில்லை.

அது அரசுப் பணத்தில் வாங்கிய அரிசி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் இங்கிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. எனக்கும் அதில் பெருமை உண்டு. அவன் கொடுத்தது தானம். அத்தைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அவருடைய பங்கு. அதை வாங்க யாருக்கும் முடிசூட்டத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டபோது விழாவுக்கு வந்திருந்த ஒரு தம்பி, "இங்கிலாந்துல ராஜா இல்லையாக்கா?" என்றார். இருக்கிறார். நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்துக்கு ஒப்புதல் தருவது அவர் வேலை. மறுக்கும் வழக்கம் இல்லை. நார்வேயில் ராஜா வேண்டுமா என்று 1905-ல் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். வேண்டும் என்றார்கள், வைத்துக்கொண்டார்கள். சுவீடன் 1974-ல் எழுதிய அரசியல் சட்டம், பிரதமரை நியமிப்பதில்கூட மன்னருக்கு வேலையில்லை என்று ஆக்கிவிட்டது. நேபாளம் 2008-ல் வேண்டாம் என்றது, மன்னர் அரண்மனையை விட்டுப் போனார். மக்கள் சம்மதித்து, அதிகாரத்தை விட்டுக்கொடுத்த இடத்தில் மகுடம் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்களோ எங்கள் வாக்கால் அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டு, மேலே மகுடமும் வைத்துக்கொள்கிறீர்கள். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு நாங்கள் எந்தத் தேர்தலிலும் சம்மதம் தரவில்லை.

பழைய சமஸ்தான ராஜாக்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தையே 1971-ல் நிறுத்திய நாடு இது. கீழூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் அங்கே கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். பிரெஞ்சுக்காரன் ஆட்சியை அனுப்பிவிட்டு உள்ளூரில் முடிசூட்டிக்கொள்ளவா அந்த வாக்கு? தகப்பன் பதவி மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு என்று நீங்கள் பட்டியல் போடுவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அடிமட்டத் தொண்டன் முப்பது வருஷமாகக் கொடி கட்டிக்கொண்டே இருக்கிறான்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கிரீடம், செங்கோல், வாள் எதையும் பொது நிகழ்ச்சியில் வாங்காதீர்கள். ஆசையாகக் கொண்டுவரும் தொண்டரிடம் மேடையிலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள். நிவாரணம் வந்து இறங்கினால் உங்களுக்காக ஒரு நிமிடமும் காக்க வைக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து இதை அறிவிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் வந்தால் இந்த வருஷமும் அத்தைதான் வரிசையில் நிற்பார்; நான் வேலைக்குப் போயாக வேண்டும்.

இப்படிக்கு,
பாகூர் வாக்காளர் ஒருத்தி