கிரயம் போன கோட்டை

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சுப்பு,

இங்கே எல்லாரும் சுகம். நான் பதிலே போடுவதில்லை என்று மணியிடம் புலம்பினாயாமே. அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது இதைக் கேள்.

கொடுங்கல்லூரில் மகள் வீட்டுக்குப் போனவன், கோட்டப்புரம் கோட்டையையும் பார்த்துவிட்டு வந்தேன். நம் பாலக்காட்டுக் கோட்டையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவாய். பெரியாற்றங்கரையில் வெட்டுக்கல் மதிலின் மிச்சம், 1909இல் திருவிதாங்கூர் அரசு வைத்த நினைவுக்கல், அவ்வளவுதான். ஆனால் மதிலின் கனம் 18 அடி! இடிந்த பக்கத்தில் தடவிப் பார்த்தேன். அம்மைத் தழும்புபோல் கல்லெல்லாம் குழி.

1523இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது, பிறகு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதெல்லாம் வழக்கமான கதை. 1789இல் டச்சுக்காரர்கள் இதைத் திருவிதாங்கூர் தர்மராஜாவுக்கு விற்றார்கள் பார், அங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று. கோட்டையைக் கிரயம் செய்திருக்கிறார்கள், அப்பா! பள்ளிப்புரம் கோட்டையும் அதே பேரத்தில் சேர்த்தி. மைசூர் திப்பு சுல்தான் சும்மா இருப்பானா? மண் கொச்சி ராஜாவுடையது, கொச்சி எனக்குக் கப்பம் கட்டுகிறது, விற்க டச்சுக்காரன் யார் என்று கேட்டான். பத்திர எழுத்தனாகச் சொல்கிறேன், கேள்வியில் நியாயம் இருக்கிறது. மதராஸ் கவர்னருக்கே இந்தக் கிரயம் பிடிக்கவில்லை.

அந்த டிசம்பரில் திருவிதாங்கூரின் நீண்ட காவல் அரணான நெடுங்கோட்டையில் திப்பு அடிபட்டுத் திரும்பினான். 1790இல் மறுபடி வந்து அதை உடைத்துக்கொண்டு புகுந்து, இந்தக் கோட்டப்புரம் கோட்டையையும் பிடித்தான். மதில் தரைமட்டம். வாங்கியவருக்கு ஓராண்டு அனுபோகம்கூட இல்லை. திப்புவுக்கு மட்டும் என்ன மிஞ்சியது? அதே சண்டை ஆங்கிலேயரோடு மூன்றாம் மைசூர்ப் போராக வளர்ந்து, 1792இல் பாதி ராஜ்யத்தைப் பறிகொடுத்தான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றோரமாக ஏதோ தோப்புக்கு முன்பணம் கொடுக்கப்போகிறாயாமே? விற்கிறவர் பெயரில் பட்டா இல்லை, பங்காளிகள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்று மணி சொன்னான். தென்னையையும் தண்ணீரையும் பார்த்து மயங்குகிற ஆள் நீ. கேலிக்குச் சொல்லவில்லை சுப்பு. அது உன் ஓய்வுப் பணம், வேறு கையிருப்பு உனக்கு இல்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. மூலப் பத்திர நகலும் முப்பது வருட வில்லங்கச் சான்றும் வாங்கி மணியிடம் கொடுத்தனுப்பு. நான் படித்துப் பார்க்கும்வரை அந்தத் தரகரோடு டீகூடக் குடிக்காதே.

பேரனுக்கு மொட்டை எப்போது? தேதி எழுது.

உன்,
வேலு